சாவுக்கு நோட்டீஸ் வேண்டாம்

தான் கல்யாணம் ஆகாதவள் என்று வாய்விட்டுச் சொல்வதற்கு டிம்ப்னாவுக்கு அறுபத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது. அதையும் ஃபின்டனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நாற்பது வருடமாக லண்டனில் அவளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, அவள் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் வாங்கிய மாத்திரைகளை மறந்துவிட்டுப் போகிற மனுஷன். அவனும் கல்யாணம் ஆகாதவன்தான்.

இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் அவர்களேதான்.

முன்பு ஒரு சனிக்கிழமை, லண்டன் கில்பர்னில் இருக்கும் தேவாலயத்தின் பக்கப் பீடத்தில், கூட்டம் இல்லாமல், அவர்களுக்குக் கல்யாணம் நடப்பதாக இருந்தது. டிம்ப்னாவுக்கு அப்போது இருபத்து மூன்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஃபின்டன் கட்டட வேலை. கப்பல் கட்டணம் கொடுத்து அயர்லாந்தில் இருக்கும் ஊரிலிருந்து ஆளைக் கூட்டி வர இரண்டு பேரிடமும் வக்கில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் தபால் எடுக்க மாட்டார்கள் என்பதால் காலையிலேயே உட்கார்ந்து, "அன்புள்ள அம்மா, அப்பா, இன்று எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, வெயில் அடித்தது" என்று எழுதிப் பெட்டியில் போட்டாள். கல்யாணம் மூன்று மணிக்கு. நாலு மணி நேரம் முந்திக்கொண்டது ஒரு பெரிய பொய்யா என்ன?

அரை நாள் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போன ஃபின்டன், சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். டிம்ப்னா கல்யாணச் செருப்போடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் கடிதம் கப்பல் ஏறிவிட்டது. மாவுக்கட்டுப் பிரிப்பதற்குள் ஊரிலிருந்து வாழ்த்து வந்தது, மேஜை விரிப்பு வந்தது, அவர்கள் பெயருக்குப் பூசை வைத்த அட்டை வந்தது. கட்டுப் பிரித்ததும் செய்துகொள்ளலாம் என்றார்கள். பிறகு அடுத்த மாதம் என்றார்கள். பிறகு அடுத்த வருடம். ஊர் ஒருதரம் உங்களைக் கல்யாணம் ஆனவர்கள் என்று நம்பிவிட்டால், அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. குழந்தையும் பிறக்கவில்லை, கேட்பாரும் இல்லை. அப்படியே போய்விட்டது.

அப்படியே போயிருக்கும், டிம்ப்னாவின் தங்கை கான்செப்டா மட்டும் சும்மா இருந்திருந்தால்.

கான்செப்டா மேயோ மாவட்டத்தில், கில்லவானி கிராமத்தில், பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. ஐம்பத்தேழு வயதில், முப்பது ஆடுகளையும் தேவாலயப் பாடகர் குழுவையும் ஒரே குரலில் மேய்ப்பவள். அவள் ஜனவரி மாதம் லண்டனுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஜூன் மாசம் உங்களுக்கு நாப்பதாவது கல்யாண நாள். மண்டபம் சொல்லியாச்சு, பாட்டுக்காரங்க சொல்லியாச்சு. சனிக்கிழமை பூசையில நீங்க ரெண்டு பேரும் பீடத்துல ஏறி நின்னு, பழைய வாக்கைப் புதுப்பிக்கிறீங்க. மறுபேச்சு கிடையாது."

டிம்ப்னா போனை வைத்தாள். கொடுக்காத வாக்கை எப்படிப் புதுப்பிப்பது? அம்மாவும் அப்பாவும் வெளியே புதைந்து கிடக்கிற அந்தத் தேவாலயத்தில், பீடத்தின் மேல் நின்று ஊரையும் சாமியையும் ஒரே வாயால் ஏமாற்ற அவளால் முடியாது.

"இதுக்கா இவ்வளவு? பிரென்ட் ரெஜிஸ்டர் ஆபீஸ் பஸ்ல ரெண்டு ஸ்டாப். போய்க் கையெழுத்தைப் போட்டுட்டு, வர்ற வழியில மீன் வாங்கிட்டு வந்துடலாம்" என்றான் ஃபின்டன்.

"இங்க வேண்டாம். பொய்யைக் கொண்டுபோய் எங்க இறக்கினோமோ, உண்மையையும் அங்கதான் இறக்கணும்."

"அப்ப ஊரைக் கூட்டிச் சொல்லிடுவியா?"

"பைத்தியமா உனக்கு? யாருக்கும் தெரியக் கூடாது."

"யாருக்கும் தெரியாம இறக்குற சரக்குக்குப் பேரு உண்மை இல்ல, டிம்ப்னா. கள்ளக்கடத்தல்."

"சாமிக்குத் தெரிஞ்சாப் போதும். கான்செப்டாவுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டா."

அது மிகையில்லை. இரவல் வாங்கிய கேக் தட்டைத் திருப்பித் தராத சித்தி மகளோடு கான்செப்டா ஒன்பது வருடம் பேசாமல் இருந்தவள். அந்தச் சித்தி மகள் செத்த பிறகுதான் மன்னித்தாள். டிம்ப்னாவுக்கு உடன்பிறப்பு என்று உலகத்தில் மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான்.

ஆனால் அயர்லாந்தில் நினைத்த மாத்திரத்தில் போய்க் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. மூன்று மாதம் முன்னதாகவே பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதைத் தபாலில் கொடுக்கலாம். ஆனால் கல்யாணத்துக்குக் குறைந்தது ஐந்து நாள் இருக்கும்போது இருவருமே நேரில் போய் நின்று, எங்களுக்குள் எந்தத் தடையும் இல்லை என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகுதான் கல்யாணப் படிவம் கையில் கிடைக்கும். அந்தத் தாள் இல்லாமல் பாதிரியாரும் வாய் திறக்க மாட்டார், அதிகாரியும் வாய் திறக்க மாட்டார். கில்லவானிக்காரன் ஒருவன் சாக வேண்டுமென்றால் எந்த நோட்டீஸும் வேண்டாம். கல்யாணம் என்றால்தான் அரசாங்கத்துக்கு அவ்வளவு சந்தேகம்.

டிம்ப்னா மார்ச் மாதமே எழுதிப் போட்டாள். சனிக்கிழமை பூசை, அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, நகரத்துப் பதிவு அலுவலகத்தில் சத்தமில்லாமல் கல்யாணம், அதற்கும் ஒரு வாரம் முன்னால் போய் உறுதிமொழி. இப்படிப் பக்காவாகத் திட்டம் போட்டுக்கொண்டு ஊர் வந்து இறங்கினார்கள். "என்னடா இது, எப்பவும் கடைசி நாள் வந்து மறுநாளே ஓடுறவங்க, பத்து நாள் முன்னாடியே வந்துட்டாங்க" என்று கான்செப்டாவுக்கு ஒரே பூரிப்பு.

உறுதிமொழி நாள் அன்று, நகரத்தில் பல்வலிக்கு மருந்து வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அலுவலகத்தில் காத்திருக்கும் அறையில் ஆறு நாற்காலி. அதில் ஒன்றில், உலகத்தில் யார் அங்கே இருக்கக் கூடாதோ அவளே உட்கார்ந்திருந்தாள். ஜோசி கெரிகன். கான்செப்டாவின் பக்கத்து வீடு. பேரனின் பிறப்புச் சான்றிதழுக்கு நகல் வாங்க வந்தவள். கில்லவானிக்கு வானொலி தேவையில்லை, ஜோசி போதும்.

"அட, டிம்ப்னா! ஃபின்டன்! நீங்க எங்க இங்க?"

அந்த அலுவலகத்துக்கு மனிதர்கள் வருவது மூன்றே காரியத்துக்கு. பிறப்பைப் பதிய வந்தோம் என்று அறுபத்து மூன்று வயதில் சொல்ல முடியாது. கல்யாணம் என்று வாயெடுத்தால் கதை முடிந்தது. ஃபின்டன்தான் வாயைத் திறந்தான். திறந்திருக்க வேண்டாம்.

"ஒரு சாவு... பதியணும்."

ஜோசியின் முகம் அந்த நொடியே நீண்டுவிட்டது. எழுந்து வந்து இருவரின் கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"ஐயோ, உங்க துக்கத்துக்கு நான் ரொம்ப வருத்தப்படறேன்மா."

கில்லவானியில் துக்கம் விசாரிக்கிறவர்கள் யார் செத்தது என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் நமக்குத் தெரியாது என்று ஆகிவிடும். தெரியாது என்றால் நமக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை, நாம் அவ்வளவு வேண்டியவர்கள் இல்லை என்று ஆகிவிடும். ஆகவே முதலில் கையைக் குலுக்கிவிட வேண்டும். பெயர் தானாக வந்து சேரும். அதுவரை ஓரமாகத் தூண்டில் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

"ரொம்ப நாளா முடியாம இருந்துச்சோ?" என்றாள் ஜோசி.

"நாப்பது வருஷமா" என்றான் ஃபின்டன்.

"அடக் கடவுளே! கஷ்டம்தான்."

"கூட இருந்தவங்களுக்குத்தான் கஷ்டம்."

"கடைசியில நிம்மதியாப் போச்சா?"

"இதோ, இன்னைக்குத்தான் போகப் போகுது... போச்சு."

டிம்ப்னா அவன் பாதத்தைக் குதிகாலால் மிதித்தாள். நல்லவேளை, உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பதிவாளர் மிஸ் லவெல், முப்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி. பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்து, "நீங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் கல்யாணம் ஆகாதவங்க, அப்படித்தானே?" என்றாள். டிம்ப்னா, "ஆமா. நான் கல்யாணம் ஆகாதவ" என்றாள். சொன்ன மறுகணம், யாரோ முதுகிலிருந்து சிமெண்டு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். வெயில் பளீரென்று அடித்தது. நேரே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கிரீம் வைத்த பன் தின்றார்கள். கடற்கரைக்குக் காரை விட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பனிக்கட்டி மாதிரி இருக்கிற தண்ணீரில் கணுக்கால் வரை நின்று, இருவரும் காரணமில்லாமல் சிரித்தார்கள். "பொண்ணு பாக்க லட்சணமாத்தான் இருக்கா. வயசுதான் கொஞ்சம் கூட" என்றான் ஃபின்டன். "மாப்பிள்ளைக்கு முட்டி மடங்காதாம், விசாரிச்சேன்" என்றாள் அவள்.

சாயங்காலம் ஆறு மணி போல, ஜூன் மாதத்துச் சூரியன் இன்னும் மேலேயே நிற்கும்போது, கில்லவானித் திருப்பத்தில் கார் வளைந்தது. வளைந்ததும் டிம்ப்னாவின் சிரிப்பு நின்றது.

பாதையின் இரண்டு பக்கமும், வேலி நெடுக, கார்கள். கான்செப்டா வீட்டு வாசலில் மாட்டி கெரிகன், ஜோசியின் புருஷன், ஒளிரும் மஞ்சள் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கார்களை ஒதுக்கிக்கொண்டிருந்தான். அந்த ஊரில் அந்த ஜாக்கெட் வெளியே வருவது இழவு வீட்டுக்கு மட்டும்தான். முற்றத்தில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக நின்று தாழ்ந்த குரலில் கால்பந்தைப் பற்றியும் புல் அறுப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். காரைப் பார்த்ததும் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

மாட்டி வந்து கார்க் கதவைத் திறந்தான். "உங்க துக்கத்துக்கு வருந்துறேன், டிம்ப்னா."

அந்த வீட்டில் இருப்பது ஒருத்திதான். காலையில் வாசலில் நின்று, "பல்லைப் பிடுங்காதே அக்கா, மருந்து மட்டும் வாங்கு" என்று கையசைத்த ஒருத்தி.

அவள் ஓடினாள். ஒற்றைச் செருப்பு முற்றத்துச் சகதியிலேயே நின்றுவிட்டது. வழிவிட்டவர்கள் ஒவ்வொருவரும் கையைப் பிடிக்க வந்தார்கள், அவள் யார் கையையும் பார்க்கவில்லை. நான் அவளிடம் சொல்லவே இல்லை, சொல்லவே இல்லை என்பது மட்டும்தான் தலைக்குள் அடித்தது. நாற்பது வருடம் வேளை பார்த்து, கடைசியில் வேளையே போய்விட்டது.

சமையலறையில் தேநீர் ஆவி. மேஜை முழுக்க ஹாம் ரொட்டி, முட்டை ரொட்டி, ஆப்பிள் பணியாரங்கள், பூசை அட்டைகள். சாவு வீட்டு வழக்கப்படி யாரோ சுவர்க் கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்கள். அடுப்படி நாற்காலியில், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் கையைத் தடவிக்கொடுக்க, கண்ணும் மூக்கும் சிவந்து உட்கார்ந்திருந்தாள் கான்செப்டா. உயிரோடு.

டிம்ப்னா அவள் மேல் போய் விழுந்தாள். கட்டிக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். கான்செப்டாவும் புதிதாக ஆரம்பித்தாள். சுற்றி நின்ற பெண்கள் முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையை எடுத்தார்கள். அந்த அழுகைக்கு நடுவில் கான்செப்டா அக்காவின் காதில் வாயை வைத்துக் கேட்டாள்:

"யாருக்கா?"

"என்னது?"

"செத்தது யாரு? ரெண்டு மணியிலருந்து அழுதுட்டிருக்கேன், யாருக்குன்னு தெரியல. வர்றவங்கல்லாம் கையைக் குலுக்குறாங்க. என் வீட்டு இழவு எனக்கே தெரியலன்னு எப்படிக் கேக்குறது? வெக்கமா இருக்கு."

டிம்ப்னா மெல்லத் தலையைத் திருப்பினாள். வாசற்படியில் ஃபின்டன், அவளுடைய ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காது மடல் இரண்டும் செக்கச் செவேலென்று நின்றுகொண்டிருந்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஃபாதர் இமேகா உள்ளே வந்தார். நைஜீரியாக்காரர். பத்து வருடமாக இந்தப் பங்குத் தேவாலயத்தில் இருக்கிறார், ஊர் மரியாதை எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரும் முதலில் எல்லோருடைய கையையும் குலுக்கினார். ஆனால் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. நாளைக்குப் பூசையில் பெயரை வாசித்தாக வேண்டும்.

"மன்னிக்கணும். யாருக்காக ஜெபிக்கிறோம்னு எனக்குக் கொஞ்சம் சொன்னா நல்லது" என்றார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாற்பது பேர். கடைசியில் எல்லோரும் ஜோசியைப் பார்த்தார்கள். ஜோசி இருமினாள்.

"ஃபின்டனோட அண்ணன், ஃபாதர். ஸ்லைகோவுல இருந்தாரே, மாலக்கி. நாப்பது வருஷமாப் படுத்த படுக்கை."

"மாலக்கி நேத்து என்கிட்ட குதிரைப் பந்தயத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசினான்" என்றான் ஃபின்டன் பரிதாபமாக.

"அப்ப யாருதான்யா செத்தது?" என்றான் மாட்டி கெரிகன், ஜன்னலுக்கு வெளியே இருந்து.

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். லண்டனில் ஒரு சிநேகிதர், உங்களுக்குத் தெரியாது என்றால் முடிந்தது, தேநீரைக் குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். டிம்ப்னாவின் நாக்கு நுனி வரைக்கும் அந்தச் சிநேகிதர் வந்துவிட்டார். ஆனால் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஓடிவந்த அந்த இருபது அடி இன்னும் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆயுசுக்கு அது போதும்.

அவள் எழுந்து நின்றாள்.

"யாரும் சாகல. நாங்க அங்க போனது சாவைப் பதிய இல்ல. கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட. எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அன்னைக்குக் காலையில நான் கடுதாசி போட்டேன், மத்தியானம் இவன் காலை ஒடிச்சுக்கிட்டான், கல்யாணம் நடக்கல. அப்புறம் சொல்றதுக்கு எனக்குத் தைரியம் வரல. அடுத்த வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாம ஆபீஸ்ல பண்ணிக்கலாம்னு இருந்தோம். அவ்வளவுதான். மன்னிச்சுடுங்க."

கெட்டில் கொதித்துத் தானாகவே அணைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கடைசியில நிம்மதின்னு சொன்னியேடா, பாவி!" என்றாள் ஜோசி ஃபின்டனிடம்.

"பதட்டத்துல வந்துருச்சு, ஜோசி."

"நான் பதினோரு வீட்டுக்குப் போன் பண்ணேன்!"

"அதைச் சொல்லு. நாலு கிலோ ஹாமை என்ன பண்றது இப்ப?" என்று ஜன்னல் வழியே வந்தது மாட்டியின் குரல். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னொருவருக்குத் தொற்றி, அங்கிருந்து முற்றத்துக்குப் போய், தொப்பியைக் கழற்றி நின்ற ஆண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபாதர் இமேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் படிவத்தைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தார்.

"மூணு மாச அறிவிப்பு ஆச்சு. உறுதிமொழியும் ஆச்சு. அப்புறம் என்ன ஆபீஸ்? திங்கக்கிழமை நானே உங்களோட வர்றேன். நாள், இடம், நடத்தி வைக்கிறவர் பேரு, இதையெல்லாம் பதிவாளர்கிட்ட சொல்லி மாத்திக்கலாம். பிஷப்கிட்ட வாங்க வேண்டிய காகிதம் என் தலைவலி. சனிக்கிழமை பீடத்துல நிஜமாவே பண்ணிடலாம்" என்றார்.

சமையலறையே கை தட்டியது. டிம்ப்னா தட்டவில்லை. கான்செப்டாவின் நாற்காலி காலியாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது.

"என் தங்கச்சி சரின்னு சொன்னாத்தான், ஃபாதர். அவ வேண்டாம்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவளும் பின்பக்கம் போனாள். ஃபின்டன் கூடவே வர எட்டு வைத்தான். அவள் பார்த்த பார்வையில் செருப்போடு அங்கேயே நின்றுவிட்டான்.

கொல்லையில், துணிக்கொடிக்கு அருகில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள் கான்செப்டா. கொடியில் கிடந்த போர்வையை ஒழுங்காக மடிப்பதும் உதறுவதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள். டிம்ப்னா நாலடி தள்ளியே நின்றாள்.

"அந்தக் கடுதாசியை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினது நான்" என்றாள் கான்செப்டா திரும்பாமலே. "அவருக்குக் கண்ணாடி உடைஞ்சு கிடந்துச்சு. வெயில் அடிச்சுதுன்னு எழுதியிருந்தே."

"ஆமா."

"நீ லண்டன் போற அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? என் கல்யாணத்துக்கு நீதான்டி பக்கத்துல நிக்கிற தோழி, வேற எவளும் இல்லன்னு சொன்ன. எனக்கு அப்ப பதினாலு வயசு. மூணு வருஷம், அக்கா. மூணு வருஷம் அந்த கவுனை மனசுக்குள்ளேயே தைச்சுக்கிட்டு இருந்தேன். நீலம். கை இந்த அளவு. கடுதாசியைச் சத்தமாப் படிச்சு முடிச்சுட்டு, மாட்டுக் கொட்டாய்ல போய் ரெண்டு நாள் அழுதேன். அம்மா எனக்குக் காய்ச்சல்னு நினைச்சா."

"எனக்குத் தெரியாதுடி."

"தெரியக் கூடாதுன்னுதான். வருஷா வருஷம் உனக்குக் கிறிஸ்மஸ் கேக் கட்டுறப்ப ஒவ்வொரு தடவையும் குத்தும். நான் இல்லாம பண்ணிக்கிட்டாளே, எவளையோ நிக்க வெச்சுப் பண்ணிக்கிட்டாளே. எவ நின்னாளோ அவளை எனக்கு முகம் தெரியாது, ஆனா நாப்பது வருஷமா அவளைப் பிடிக்காது எனக்கு. இந்த விருந்து ஏற்பாடு பண்ணதும் அதுக்குத்தான். இந்தத் தடவையாவது பீடத்துப் பக்கத்துல நிக்கலாமேன்னு."

டிம்ப்னாவால் தாங்க முடியவில்லை. "யாரும் நிக்கல, கான்செப்டா. எவளும் நிக்கல. அப்படி ஒருத்தியே கிடையாது."

கான்செப்டா போர்வையோடு திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, அழுகை இருந்தது, அதற்கும் பின்னால் என்னவோ ஒன்று மெதுவாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கல்யாணமே நடக்கல?"

"நடக்கல."

"ஒரு சின்னப் பூசைகூட?"

"இல்லடி."

"கேக்கு? போட்டோ?"

"ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒரு டீ. அதுவும் ஆறிப்போனது."

கான்செப்டா போர்வையைக் கீழே போட்டாள். துவைத்த போர்வை, ஈரப் புல்லில். இரண்டு கையாலும் அக்காவின் தோளைப் பிடித்து, பதினேழு வயதுக் குரலில் கத்தினாள்:

"அப்ப நான் எதையும் தவறவிடலயா!"